தட்டுச் சுழலும் வேகமும் பாடியவர் குரலும்

இலங்கையில் வானொலியும் இசைத்தட்டும் உடன்பிறப்புகள் போன்றவை. 1923ஆம் ஆண்டு கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து நடத்தப்பட்ட பரீட்சார்த்த ஒலிபரப்பில் முதன்முதல் காற்றில் ஏறியது கிராமபோன் இசையே. எனவே இலக்கியத் தொடரில் இன்று இசைத்தட்டைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதே. அதிலும், தட்டு தவறான வேகத்தில் சுழன்றால் என்ன நேர்கிறது, அதை எவ்வாறு சீர்செய்வது என்பதையே சொல்லப் போகிறேன்.

வலப்பனைப் பகுதித் தோட்டமொன்றில் என் பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் நான்கு வேகங்கள் கொண்ட ரெக்கோட் பிளேயர் ஒன்று இருந்தது. அவருடைய பாட்டனார் வாங்கியது. கே. பி. சுந்தராம்பாள் 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ படத்தில் பாடிய பாடலின் தட்டை அதில் சுழலவிட்டார் மாணவர். சிறிது நேரம் கேட்டிருந்த அவருடைய பாட்டி தலையை அசைத்தார்.

“இது அந்தம்மா கொரலு இல்லைங்க சார். காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு.”

தட்டு தேய்ந்துவிட்டது, மெஷினையும் சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றார் மாணவர். எனக்குப் பாட்டியின் காதில்தான் நம்பிக்கை. தட்டின் ஓரத்தில் சிறு கடதாசித் துண்டொன்றை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு 78 சுற்று வரவேண்டிய இடத்தில் 71தான் வந்தது. பாட்டி சொன்னது சரி.

வேகம் குறையும்போது பாட்டு மெதுவாவது மட்டுமல்ல, சுருதியும் கூடவே இறங்குகிறது. ஒலி என்பது அதிர்வு. தட்டின் பள்ளத்தில் உள்ள நெளிவுகள் ஊசியை ஒரு விநாடிக்கு எத்தனை முறை அசைக்கின்றனவோ, அதுவே சுருதி. வேகம் நூற்றுக்கு 6 பங்கு மாறினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை மாறிவிடும். 78க்குப் பதில் 71 என்றால் முக்கால் கட்டைக்கும் மேல் இறங்கிவிடும்.

ஆனால் பாட்டின் சொற்கள் மட்டும் நன்றாக விளங்கின. தமிழாசிரியனுக்கு இதில் ஆச்சரியமில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. எல்லாம் ஒரே அளவில் நீளும்போது அவற்றுக்கிடையிலான விகிதம் மாறுவதில்லை. ஆகவே சொல் பிழைத்துக்கொள்கிறது. சொன்னவரின் குரல்தான் அகப்பட்டுக்கொள்கிறது. பிழையான வேகத்தை நாம் எளிதில் கண்டுபிடிக்காமற் போவதும் இதனால்தான்.

இனித் திருத்தும் முறைக்கு வருவோம். முதலில் வேகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 78 வேகத் தட்டுக்கு ஒரு நிமிடத்தில் 78 சுற்று, சிறிய 45 வேகத் தட்டுக்கு 45. 1948இல் அறிமுகமான நீண்ட நேர இசைத்தட்டுக்கு 33⅓ என்பதால், மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியாக 100 வரவேண்டும். கோடிட்ட வட்டக் கடதாசியை வைத்தும் பார்க்கலாம். நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதில் எரியும் பழைய இழைக் குமிழின் ஒளி விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 77 கோடுகள் உள்ள வட்டம் 78 வேகத்திலும், 180 கோடுகள் உள்ள வட்டம் 33⅓ வேகத்திலும் அந்த ஒளியில் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ்கள் பல அவ்வாறு துடிப்பதில்லை; அவற்றை நம்ப வேண்டாம்.

வேகம் பிழையென்று தெரிந்தால், முதலில் வேகத்தை மாற்றும் விசை உரிய எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். பின்னர் மின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சுழல்மேடையைத் தூக்குங்கள். பல பிளேயர்களில் மோட்டரின் அச்சுக்கும் மேடையின் உள்விளிம்புக்கும் இடையே ஒரு றப்பர் சக்கரம் இருக்கும். வேறு சிலவற்றில் றப்பர் பெல்ட் இருக்கும். பெல்ட் தளர்ந்தாலும், சக்கரம் இறுகி வழவழப்பானாலும், எண்ணெய் பட்டாலும் வழுக்கும், வேகம் குறையும். தளர்ந்த பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். சக்கரத்தையும் அது தொடும் இடங்களையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கலாம். ஆனால் அதே துணியை 78 வேகத் தட்டின்மேல் வைத்துவிடாதீர்கள். அத்தட்டுகள் அரக்கினால் ஆனவை; ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும்.

மாணவர் வீட்டுப் பிளேயரில் சக்கரமும் வழுக்கியது, மோட்டரும் இறுகியிருந்தது. யாரோ அதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். நமது மலைக்குளிரில் போத்தலிலேயே உறையும் எண்ணெய் மோட்டருக்குள் உறையாதா? அதைத் துடைத்தெடுத்து, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு துளி விட்டோம். குளிர் காலையில் ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டபின் பாட்டை வைப்பதும் நல்லது.

மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும்போது மட்டும் வேகம் குறைந்தால், குற்றம் மின்னழுத்தக் குறைவிலும் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த பிளேயர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். கனடா, அமெரிக்கா, சவூதி அரேபியா ஆகிய நாடுகளில் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி. அதற்கெனச் செய்த மின்மோட்டர் பலவும் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் இதைத் திருத்தாது. மோட்டர் அச்சின் கப்பியை மாற்ற வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்கலாம். எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணிப் பாருங்கள். 1920களில் இலங்கை மேடைகளில் சுந்தராம்பாளுடன் நடித்தவர். உச்ச சுருதிக்குப் பேர்போனவர். 1933இல், 27ஆவது வயதில் மறைந்தார். பேசும் படத்தில் நடித்ததில்லை. அவர் குரல் நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டுகளில் மட்டுமே. வேகம் கூடினால் அவருக்கில்லாத உச்சத்தை அவருக்குக் கொடுக்கிறோம். குறைந்தால் அவருக்கிருந்ததைப் பறிக்கிறோம். பழைய காலத்துத் தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதியப்பட்டவையும் அல்ல. 70க்கும் 80க்கும் மேற்பட்ட வேகங்களுக்கும் இடையே பல இருந்தன. அத்தகைய தட்டில் பக்கவாத்தியமாக ஹார்மோனியம் ஒலித்தால் அதுவே துணை. அதன் கட்டைகளின் சுருதி பாடகருக்காக ஏறி இறங்குவதில்லை. அது எந்தக் கட்டைக்கும் பொருந்தாமல் இடையில் நின்று ஒலித்தால் வேகத்தைச் சந்தேகிக்கலாம்.

ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருப்பதில்லை. குறில் எகரம் எது, நெடில் ஏகாரம் எது என்ற வேறுபாடும் இருப்பதில்லை. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவற்றைச் சரியாகப் படித்து அச்சேற்றியதனாலேயே அந்நூல்கள் நமக்குக் கிடைத்தன. தட்டும் ஒரு சுவடிதான். எழுதப்பட்டது அதில் இருக்கிறது. சரியான வேகத்தில் படிப்பது நம் பொறுப்பு.

அன்று திருத்தியபின் மீண்டும் எண்ணினோம், 78 வந்தது. பாட்டை வைத்தோம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும், “மறுக்கா போடு தம்பி” என்றார் பேரனிடம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு பெட்டி இருக்கலாம். பழைய இரும்புக்காரர் வருமுன் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.