கைவிட்ட படிப்பும் கைகொடுத்த வேலையும்

பிளஸ் 2 தேர்வு முடிவு வந்ததும் திண்டிவனம், மயிலம், மரக்காணம் பக்கத்துக் காலனி வீடுகளில் ஒரே பேச்சுதான்: "பிள்ளையை மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா?" அந்த இடத்தில் நிற்கும் மாணவர்கள் அசோக் காடேயின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் பேட் என்ற கிராமம். அங்கே செருப்புத் தைக்கும் தலித் குடும்பத்தில் பிறந்தவர் அசோக். அப்பா மும்பையில் மரத்தடியில் செருப்புத் தைத்தார். அம்மா ஊரில் மேல்சாதியினர் நிலத்தில் கூலி வேலை செய்தார். பள்ளி இறுதித் தேர்வின்போது பேனா நிப்பு உடைந்துபோனது. புது நிப்பு வாங்க நாலணா இல்லை. ஆசிரியர் ஒருவர்தான் கொடுத்து உதவினார்.

டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் குடும்பத்துக்கு உடனே வருமானம் தேவைப்பட்டது. அண்ணன் தத்தா, மும்பையில் உள்ள மத்திய அரசின் மசகான் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தார். படிப்பை விட்டுவிட்டு அசோக்கும் அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தார். மாத உதவித்தொகை 90 ரூபாய்.

கையெழுத்து நன்றாக இருந்ததால் கப்பல் வரைபடம் வரையும் பிரிவில் பயிற்சி கிடைத்தது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று இயந்திரப் பொறியியல் டிப்ளமோ முடித்தார். பிறகு தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போனார்.

1981ல் இந்தியா ஜெர்மனியுடன் 4 நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றில் இரண்டை மசகானில் கட்ட வேண்டும். அந்த வேலைக்காக ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டவர்களில் அசோக்கும் ஒருவர். அங்கே உடன் வேலை செய்த ஜெர்மானியரின் சம்பளச் சீட்டை ஒருநாள் பார்த்தார். தன் சம்பளத்தைவிடப் பல மடங்கு. நம் உழைப்புக்கு இவ்வளவு மதிப்பு உண்டா என்ற எண்ணம் அன்று விழுந்தது.

ஊர் திரும்பியவர், தத்தா, அசோக், சுரேஷ் என்ற மூன்று சகோதரர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'தாஸ் ஆஃப்ஷோர்' நிறுவனத்தைத் தொடங்கினார். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் அதன் தொழில். பின்னாளில் 4,500 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். அம்மா கூலிக்கு நின்ற நிலத்தையே மகன் விலைக்கு வாங்கினார்.

இப்போது திரும்பிப் பார்த்தால் வரைபடம், தரக்கட்டுப்பாடு, அண்ணனின் வெல்டிங் அனுபவம் மூன்றும் சேர்ந்துதான் அந்த நிறுவனம் எழுந்தது தெரிகிறது. வேறு வழியின்றிச் செய்த எந்த வேலையும் வீண்போகவில்லை.

ஆனால் இதைத் தனிமனித உழைப்பு என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். பயிற்சியும் நிரந்தர வேலையும் வெளிநாட்டு அனுபவமும் தந்தது பொதுத்துறை. இன்று அரசு நிறுவனங்களில் நிரந்தர இடம் குறைந்து ஒப்பந்த வேலை பெருகினால், அடுத்த அசோக் ஏறுவதற்கு ஏணி எங்கே? இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

சாதியும் அவரை எளிதில் விட்டுவிடவில்லை. அங்கே குடும்பப் பெயரே சாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தொழில் தொடங்கிய காலத்தில் அறிமுக அட்டையில் அந்தப் பெயரை முழுதாகப் போடாமல் தவிர்த்தார். ஒருவர் முதலாளி ஆனதால் ஊர்ச்சேரி பிரிவு மறைந்துவிடாது.

நம் மாணவர்களுக்குச் சில தகவல்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் அதேபோல் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே குடும்பச் சூழலால் ஐ.டி.ஐ.யோடு நின்றவர்களுக்கும் பொறியியல் பட்டத்துக்கு வழி அடைபடவில்லை.

சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குத் தமிழக அரசின் 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்' 2023 முதல் உள்ளது. இதில் 35 சதவீத முதலீட்டு மானியம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் வரை உண்டு. கடனுக்கு 6 சதவீத வட்டி மானியமும் கிடைக்கும். விழுப்புரம் மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம். கேட்கப் போகும்போது கூடவே இன்னொருவரையும் அழைத்துப் போங்கள்.