சங்கு ஊதியதும் கிளம்பிய கூட்டம்

அம்பத்தூரில் அப்பா வேலை பார்த்த ஆலையில் சாயங்கால ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும், எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் வெளியே போட்டிருந்த பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுவிடுவார். ஐந்தே நிமிடத்தில் சைக்கிள்கள் வந்துவிடும். நாலு பேர், ஐந்து பேர் என்று அணியணியாக, தோளோடு தோள் உரச. கேரியரில் காலித் தூக்குச் சட்டி ஆடும். பேன்ட் செயினில் மாட்டாமலிருக்கக் கணுக்காலில் ரப்பர் பேண்டு போட்டிருப்பார்கள். இருட்டிய நாள்களில் டைனமோக்கள் எல்லாம் சேர்ந்து வண்டுக்கூட்டம் மாதிரி ரீங்கரிக்கும். எண்பதுகளின் தொடக்கம் அது. கால் மணி நேரத்துக்கு அந்தச் சாலை அவர்களுடையது.

நடுவில் பல்லவன் பஸ் ஒன்று மாட்டிக்கொண்டால், ஓட்டுநர் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு வருவார். அவர் கையை ஹாரனிலிருந்து எடுத்து ஸ்டீரிங்கின் மேல் மடித்து வைத்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. காரணம் வெறும் பொறுமை இல்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது. விடிகாலையில் அவரும் டிப்போவுக்கு சைக்கிள் மிதித்து வந்தவர்தான். எதிர்காற்றில் பெடல் எப்படி கனக்கும், ஏற்றத்தில் வண்டி எந்தப் பக்கம் ஆடும் என்பதெல்லாம் அவர் முழங்காலுக்குத் தெரியும். தெரிந்தவன் பின்னால் வருகிறான் என்ற தைரியத்தில்தான் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனார்கள்.

ஊரே அப்படித்தான் இருந்தது. பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை, பின்னி மில், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என ஒவ்வொரு கேட்டிலிருந்தும் நேரத்துக்கு நேரம் ஒரு சைக்கிள் ஆறு புறப்படும். அந்த சைக்கிள்களில் கணிசமானவை எங்கள் ஊரிலேயே பிறந்தவை. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கியது, ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அங்கிருந்துதான் போயின. 1970இல் எடுத்த கணக்குப்படி சென்னையின் பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது; மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் சேர்ந்து 2 சதவீதம்தான். 2008இல் சைக்கிள் 6 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது, இருசக்கர மோட்டார் வண்டி 25ஐத் தொட்டிருந்தது.

இந்தக் கணக்கு எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது, சில வருடம் கழித்துத் தவணையில் அப்பாவும் ஒன்று வாங்கினார். மொபெட் சைக்கிள் நின்ற அதே இடத்தில் நின்றது. சைக்கிள் கிணற்றடிக்குப் போனது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், நாற்பது வயதுக்கு மேல் எட்டு மணி நேரம் லேத்தில் நின்றுவிட்டு வந்து மிதிப்பது லேசில்லை. பின்னி மில் 1996இல் மூடியது. வேலை பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் நகர்ந்தது. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் வந்துவிட்டது. சங்குச் சத்தமும் நின்றது.

இப்போது ஞாயிறு காலை ஐந்து மணிக்கு நான் திருவான்மியூரில் நிற்கிறேன். எங்கள் சைக்கிள் குழுவில் இருபது பேர். ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் மினுங்கும் சிவப்பு. முன்னால் வழிநடத்த ஒருவர், கடைசியாக யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் பேட்டைக்குப் பேட்டை இப்படிக் குழுக்கள் கிளம்பியிருக்கின்றன. முட்டுக்காடு பாலம் தாண்டிக் கோவளம், தெம்பு இருந்தால் மாமல்லபுரம் வரை போவோம்.

முதல் நாளே நான் கவனித்தது பின்னால் வந்த வண்டிகளைத்தான். தனியாகப் போகும்போது முழங்கையை உரசிக்கொண்டு போகிற அதே வகை வேன், இருபது சிவப்பு விளக்குகளைப் பார்த்ததும் அடுத்த தடத்துக்கு மாறிப் போனது. லாரிக்காரர் ஒரு முறை லேசாக ஹாரன் தட்டுவார், வருகிறேன் என்று சொல்வதற்கு மட்டும். கடைசி ஆள் கையைக் காட்ட, அவரும் கையைக் காட்டிவிட்டுப் போவார். கோபமே வராது என்றில்லை. ஏன் இரண்டிரண்டு பேராகப் போகிறீர்கள், ஓரமாக ஒற்றை வரிசையில் போனால் என்ன என்று கண்ணாடியை இறக்கித் திட்டுகிற கார்க்காரர்கள் வாராவாரம் உண்டு.

அவர்களுக்கு நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இருபது பேர் ஒற்றை வரிசையில் போனால், இடைவெளியோடு சேர்த்து நூறு மீட்டர் நீளம் வரும். இரண்டிரண்டாகப் போனால் ஐம்பதுதான். நாங்கள் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறோம், நீங்கள் 60இல் வருகிறீர்கள் என்றால், ஒற்றை வரிசையைத் தாண்டப் பத்து விநாடி ஆகும். அதற்குள் உங்கள் கார் 170 மீட்டர் தூரம் வலப்பக்கத்திலேயே ஓடியிருக்கும். இரட்டை வரிசை என்றால் ஐந்தே விநாடி. எதிரே வருகிறவருக்கும் அது நல்லது.

ஆனால் மூன்று பேர் நான்கு பேராகப் பரவிக் கதை பேசிக்கொண்டு போகிற குழுக்களையும், வேகம் குறையக் கூடாதென்று சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர்களையும் பார்க்கிறேன். அதற்கு நியாயமே கிடையாது. நாங்கள் நிற்காமல் போன சிக்னலில் ஒரு கார்க்காரருக்கு ஏறும் கோபம், திங்கட்கிழமை காலை அதே இடத்தில் தனியாக மிதித்துப் போகிறவர் மேல்தான் இறங்கும். அவர் எங்களில் ஒருவர் இல்லை. கட்டட வேலைக்குப் போகிற ஒடிசாக்காரர், நைட் டூட்டி முடித்த காவலாளி, இடியாப்பக் கூடையோடு தெருத்தெருவாக ஹாரன் அடிக்கிறவர், கேனில் டீ விற்கிறவர். 2008 கணக்கில் வந்த அந்த 6 சதவீதம் இவர்களைப் போன்றவர்கள்தான். மினுங்கும் விளக்கு இவர்களிடம் இல்லை.

மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்து ஒதுக்கீட்டில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கென்று அதில் எழுதியிருக்கிறது. நான் தினம் போகும் வழியில் சைக்கிளுக்கென்று ஒரு கோடு கூட இல்லை.

சாலையில் கூட்டமாக இருப்பது ஒரு பாதுகாப்பு என்றால், அன்றைக்கு அது தினமும் இரண்டு வேளை கிடைத்தது. இன்றைக்கு வாரத்தில் ஒரு நாள், அதுவும் விடிவதற்குள். அன்றைய ஓட்டுநருக்கு உடம்பில் இருந்த ஞாபகம், பதினெட்டு வயதில் நேரே கியர் வண்டியில் ஏறிய இன்றைய பையனிடம் எப்படி இருக்கும்? அவனுக்கு சைக்கிள் என்பது முன்னால் நிற்கிற ஒரு தடை.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஏழரை மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நீலாங்கரை தாண்டியதும் எங்கள் வரிசையின் கடைசியில் ஒரு பழைய ஹெர்குலிஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. அறுபது வயதிருக்கும், காக்கிச் சட்டை, கேரியரில் சாப்பாட்டுப் பை. "எங்க போறீங்க பெரியவரே?" என்று கேட்டேன். "அடையாறு தம்பி. உங்க கூட வந்தா பஸ்காரன் ஒதுங்கிப் போறான்" என்றார். அவருக்காக வேகத்தைக் குறைத்தோம். திருவான்மியூர் சிக்னலில் எல்லோரும் சேர்ந்து நின்றோம். பச்சை விழுந்ததும் பின்னாலிருந்த பேருந்து நாங்கள் கடக்கும்வரை காத்தது.

அங்கே நாங்கள் கலைந்தோம். பெரியவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு நேரே போனார். ஐம்பதடி போயிருக்க மாட்டார், பின்னாலிருந்து அந்தப் பேருந்தின் ஹாரன் அலறியது. சைக்கிள் மணல் ஓரத்துக்கு இறங்குவதைப் பார்த்தேன்.