ஒரு முழம் ஏறினால் காடு, இறங்கினால் புல்வெளி

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் வழியில் ராமர் பாதம் என்றொரு மணல்மேடு. அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதான். உயரம் சுமார் 4 மீட்டர்! மலைநாட்டுக்காரர் சிரிக்கலாம். ஆனால் எது எங்கே முளைக்கும், எது எங்கே மேயும் என்பதை இங்கே ஒரு முழ மேடும் பள்ளமுமே தீர்மானிக்கின்றன.

மேட்டு மணலுக்குள் இறங்கும் மழைநீரை நம்பித்தான் பாலை மரங்கள் நிற்கின்றன. தோல்போலத் தடித்த இலை; கோடையிலும் பச்சை. கடற்காற்று அவற்றை அதிகம் வளரவிடுவதில்லை. ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி இந்த நிழலுக்கு வந்துசேரும். சருகைக் கிளறிப் புழு தேடும் அதைப் பார்க்க, நடப்பதைவிட ஓரிடத்தில் நிற்பதே நல்லது.

சட்டென்று மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்குகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தாழ்நிலம் அது. அந்த வெட்டவெளிதான் வெளிமானுக்கு வேண்டும். 1967-ல் கோடியக்கரைச் சரணாலயம் அமைந்ததே முக்கியமாக அந்த மானுக்காகத்தான். முறுக்கிய கொம்போடு கறுத்து நிற்பது கிடா; பழுப்பாகத் தெரிபவை பெட்டைகளும் குட்டிகளும். பக்கத்தில் மேயும் மட்டக்குதிரைகளைத்தான் வருகிறவர்கள் ஆசையாகப் படமெடுக்கிறார்கள். எப்போதோ கைவிடப்பட்ட வளர்ப்புக் குதிரைகளின் வாரிசுகள் அவை. மானின் புல்லிலும் கோடைத் தண்ணீரிலும் பங்குக்கு வருவதோடு, சீமைக்கருவேலங்காயைத் தின்று விதையைச் சாணத்தோடு புல்வெளியெங்கும் தூவிவிடுகின்றன. மான்களும் அந்தத் திருப்பணியில் சளைத்தவை அல்ல.

கடற்கரையில் அடும்பு ஊதாப் பூக்களோடு மணலைப் பிடித்துவைத்திருக்கிறது. கூடவே ராவணன் மீசைப் புல். அதன் முள்பந்து காற்றில் உருண்டு, போகிற வழியெல்லாம் விதை சிந்தும். ராமர் பாதம் இருக்கும் ஊரில் ராவணனுக்கும் இடம் கிடைத்திருக்கிறது! தை பிறந்தால் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறும். நாய்க்கும் நரிக்கும் முந்திக்கொண்டு வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள்.

மேற்கே சதுப்பு, 2002-ல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கணக்கு அங்குலத்தில். முழங்கால் ஆழத்தில் பூநாரை இரைதேடும். நீர் வற்றிச் சேறு தெரிந்தால் உள்ளான்கள் வந்துவிடும்.

இவ்வளவு தாழ்ந்த கரைக்குக் கடல் எப்போதும் பக்கம்தான். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 சுனாமி சாய்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் காட்டு மரங்களை ஏராளமாகப் பெயர்த்துப் போட்டது. மரம் விழுந்த அந்தத் திறப்புகளில் தலைதூக்குவது பாலைக் கன்றா, சீமைக்கருவேலமா? கோடியக்கரையில் இப்போது நடப்பவர் குனிந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.