வெயிலில் உறங்கும் செடி

முதலில் டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இதை நிதானமாகத்தான் சொல்லவேண்டும். கலிஃபோர்னியாவில் குடியேறிய நம்மவர்கள் சிலர் புல்தரையை எடுத்துவிட்டு, வறட்சி தாங்கும் சேஜ் புதர்களை நடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தச் செடி முதல் கோடையிலேயே பட்டுப்போனால், பல நேரம் நாம் ஊற்றிய தண்ணீர்தான் அதைக் கொன்றிருக்கும்.

கிளீவ்லேண்ட் சேஜையே பாருங்கள். சான் டியேகோ பக்கத்துக் குன்றுகளும், எல்லை தாண்டி மெக்சிகோவின் பாஹா பகுதியும் இதன் சொந்த மண். சான் டியேகோ நகரில் ஆண்டுக்குச் சுமார் 25 செ.மீ. மழைதான். அதிலும் பெரும்பகுதி நவம்பர் முதல் மார்ச் வரை பெய்துவிடும். ஆகவே இந்தச் செடி குளிர்கால ஈரத்தில் வேர்விட்டு, வசந்தத்தில் தழைத்து, பூத்து ஓய்ந்ததும் உறங்கப் போகிறது. ஆகஸ்டில் இலைகள் சிறுத்து, சுருண்டு, சாம்பல் நிறமாகிவிடும். பார்த்ததும் மனசு பதறும். நம் ஊர்க் கோடையில் காலையும் மாலையும் ஊற்றிப் பழகிய கை குழாயைத் தேடும். அங்கேதான் பொறுக்கவேண்டும். சூடான மண்ணில் ஈரம் தேங்கினால் ஃபைட்டாஃப்தோரா என்ற நுண்ணுயிர் பெருகி வேரை அழுகவைக்கும். வேர் அழுகிய செடியும் வாடித்தான் நிற்கும். அதைத் தாகம் என்று எண்ணி மறுபடி ஊற்றுவோம். அதோடு கதை முடிந்துவிடும்.

அதனால் அக்டோபர், நவம்பரில் நடுங்கள். வருகிற மழை பார்த்துக்கொள்ளும். களிமண்ணாக இருந்தால் ஓர் அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தேங்கி நின்றால், மண்ணைக் குவித்து மேட்டில் நடுங்கள். முதல் கோடையில் மட்டும், விரலை விட்டுப் பார்த்து மண் நன்றாகக் காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் ஆழமாக ஒருமுறை ஊற்றினால் போதும். உரம் வேண்டவே வேண்டாம். கொழுத்தால் கிளைகள் சரிந்துவிடும். இரண்டு செடிக்கு நடுவே ஐந்தடியாவது விடுங்கள், அகலமாகப் படரும்.

தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள்; துளசியைப் போலவே நாலு பட்டையாக இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், வாசனை மட்டும் வேறு. பூவோ, ஒரே காம்பில் நீல ஊதா வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். ரீங்காரச் சிட்டுகள் அதற்காகவே வரும். காய்ந்த பூத்தண்டுகளை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், குருவிகள் விதை கொத்தட்டும். மழைக்கு முன் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள். ஒவ்வொரு கிளையிலும் பச்சை இலை மிஞ்சவேண்டும். வெறும் கட்டை மறுபடி துளிர்ப்பது அரிது.