கார்கள் நின்றுபோன இரவு: கரியமில வாயுக் குழாயும் நிவாரண நிதியும்

2020 பிப்ரவரி 22, சனிக்கிழமை இரவு 7 மணி தாண்டியிருந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், யாசூ கவுண்டியில் உள்ள சட்டார்ஷியா என்ற சிற்றூருக்குச் சுமார் ஒரு மைல் தொலைவில், கனமழையில் ஊறிய மண் சரிந்தது. அதற்கடியில் புதைந்திருந்த 24 அங்குலக் குழாயின் பற்றவைப்பு விட்டுப்போனது. டென்பரி நிறுவனம் எண்ணெய்க் கிணறுகளுக்குக் கரியமில வாயுவைக் கொண்டுசென்ற குழாய் அது. 31,000 பீப்பாய்க்கும் அதிகமான திரவ வாயு வெளியேறியது.

வெண்மேகம்போல் எழுந்த வாயு தாழ்வான நிலம் வழியே ஊருக்குள் புகுந்தது. தப்பி ஓட முயன்றவர்களின் கார்கள் வழியிலேயே நின்றுபோயின. பெட்ரோல் எரிவதற்கும் ஆக்சிஜன் வேண்டுமே! நின்ற கார்களுக்குள் மனிதர்கள் நினைவிழந்து கிடந்தார்கள். சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒருவரும் இறக்கவில்லை. என்ன வாயு என்று உறுதியாகத் தெரியாத நிலையிலும் உள்ளே போய் ஆட்களைத் தூக்கிவந்த உள்ளூர் மீட்புப் பணியாளர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

அந்த ஊர் மக்களுக்கு ஏற்பட்ட இழப்புக்குப் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்பது பிறகு எழுந்த கேள்வி. இன்றுவரை அதற்கு ஒழுங்கான பதில் இல்லை.

மூச்சுக்காற்றில் கலந்ததுதானே, ஆபத்தா?

சோடாவில் குமிழ்விடும் வாயுதானே என்று தோன்றும். அளவுதான் ஆபத்து. காற்றில் 4 விழுக்காட்டை எட்டினாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு நிறுவனத்தின் வரையறை. 10 விழுக்காட்டைத் தொட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அதனால் மேலே கலைந்துபோகாமல் பள்ளத்தில் தேங்கி நிற்கும். 1986இல் கேமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து பொங்கிய கரியமில வாயு, பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த 1,700க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

குழாயில் இந்த வாயுவைத் திரவம்போல் அடர்த்தியாகும்வரை அழுத்தித்தான் அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தால் அது ஒரே நேரத்தில் பல நூறு மடங்கு விரிந்துவிடும். அமெரிக்காவில் ஏற்கெனவே சுமார் 5,000 மைல் நீளத்துக்கு இத்தகைய குழாய்கள் ஓடுகின்றன. வாயுவைப் பிடித்து நிலத்தடியில் சேமித்தால் டன்னுக்கு 85 டாலர் வரிச்சலுகை என்று 2022இல் சட்டம் வந்தபின், மேலும் பல்லாயிரம் மைலுக்குத் திட்டங்கள் முளைத்தன.

அபராதம் போனது கருவூலத்துக்கு

சட்டார்ஷியா விபத்தை விசாரித்தது மத்தியக் குழாய்ப் பாதுகாப்பு நிர்வாகம். வாயு எவ்வளவு தூரம் பரவும் என்று நிறுவனம் போட்ட கணக்கு குறைவானது. அதனால் ஆபத்து வட்டத்துக்குள் அந்த ஊரே இடம்பெறவில்லை. குழாய் உடைந்த செய்தியையும் நிறுவனம் உள்ளூர் மீட்புப் படைக்கு உடனே சொல்லவில்லை. விசாரணை அறிக்கை இவற்றைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 39 லட்சம் டாலர் அபராதம் முன்மொழியப்பட்டு, 2023இல் சுமார் 28.7 லட்சத்தில் முடிந்தது.

அந்தத் தொகை சட்டார்ஷியாவுக்குப் போகவில்லை. இத்தகைய அபராதம் மத்தியக் கருவூலத்தில் சேரவேண்டும் என்பது சட்டம். மூச்சுத்திணறலோடும் மறதியோடும் போராடுவதாகச் சொன்ன மக்கள், தாங்களே வழக்கறிஞரைத் தேட வேண்டியிருந்தது.

வீட்டுக் காப்பீடு கைகொடுக்குமா என்றால், பல பாலிசிகளில் மாசுபாட்டால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற விலக்கு விதி உண்டு. மத்தியப் பேரிடர் நிதிக்கான கதவோ, பெரும்பாலும் அமெரிக்க அதிபர் பேரிடர் என்று அறிவித்தால்தான் திறக்கும். ஒரு சிற்றூரின் துயரம் அந்த அளவுகோலுக்கு எட்டுவது அரிது.

எண்ணெய்க்கு உண்டு, வாயுவுக்கு இல்லை

எண்ணெய் கொட்டினால் நிலைமை வேறு. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. அடுத்த ஆண்டே எண்ணெய் மாசுச் சட்டம் வந்தது. ஒரு பீப்பாய்க்குச் சில சென்ட் என்று விதித்த வரியில் திரண்ட பொறுப்பு நிதியிலிருந்து முதலில் செலவு செய்துவிட்டு, பிறகு குற்றவாளி நிறுவனத்திடம் அரசு வசூலிக்கலாம். கரியமில வாயு எண்ணெய் அல்ல என்பதால் இந்த நிதி அதற்குப் பொருந்தாது. பொருந்தினாலும் போதாது, உடற்காயத்துக்கு அந்த நிதி இழப்பீடு தருவதில்லை. இந்த வாயு முதலில் தாக்குவதோ உடலைத்தான்.

இந்தியா போபால் விஷவாயு விபத்தில் கற்ற பாடம் இங்கே உதவும். 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, அபாயகரமான பொருளைக் கையாளும் நிறுவனம் கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் பங்கு கட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர் யார்மேல் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஐந்து ஆண்டுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அதே சட்டம் இன்னொரு பாடத்தையும் தருகிறது: நிதியில் சேர்ந்த பணம் செலவாகாமல் தேங்கிய விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. உண்டியல் நிறைந்தால் மட்டும் போதாது, அதைத் திறக்கும் வழியும் எளிதாக இருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

வாயுவால் ஆதாயம் பெறுபவரே நிதியைக் கட்ட வேண்டும். டன்னுக்கு 85 டாலர் சலுகை பெறுபவர் ஒரே ஒரு டாலரை ஒதுக்கினாலும், ஆண்டுக்கு ஒரு கோடி டன் கொண்டுசெல்லும் குழாயிலிருந்து ஒரு கோடி டாலர் சேரும். அந்தப் பணம் குழாய் திறக்கும் முன்பே இருக்க வேண்டும். சுவாசக் கருவி, எச்சரிக்கை ஒலிப்பான், தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி ஆகியவற்றுக்கு முதல் செலவு. விபத்து நடந்தால் சில நாட்களில் முதல் தொகை. பல ஆண்டு மருத்துவக் கண்காணிப்புக்குத் தனிப் பங்கு.

சில மாநிலங்கள் விழித்திருக்கின்றன. இலினாய்ஸ் 2024இல் சட்டம் இயற்றிப் புதிய குழாய்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. 2025இல் தெற்கு டகோட்டா, இக்குழாய்களுக்காக நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதைத் தடுத்தது. மத்திய அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட புதிய பாதுகாப்பு விதி வரைவோ, ஆட்சி மாறிய சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் லூசியானாவின் சல்ஃபர் நகரருகே இன்னொரு கசிவு ஏற்பட்டு, மக்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்க நேர்ந்தது.

குழாயருகே வாழ்பவர் செய்ய வேண்டியவை

நிலத்தில் குழாய் பதிக்க ஒப்பந்தம் நீட்டினால், விபத்துப் பொறுப்பு யாருக்கு என்ற பத்தியை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். வாயு எவ்வளவு தூரம் பரவும் என்ற வரைபடத்தை நிறுவனத்திடம் கேளுங்கள். வீட்டுக் காப்பீட்டின் விலக்கு விதிகளை இன்றே படித்துப் பாருங்கள்.

கசிவு என்று தெரிந்தால், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே மேட்டுநிலத்துக்குப் போங்கள், நிலவறையில் இறங்காதீர்கள். கார் நின்றுபோகலாம் என்பதை மறக்காதீர்கள். ஈரத்துணியோ வடிகட்டி முகமூடியோ பயன் தராது. காற்று உருளை இல்லாமல் யாரையும் மீட்க உள்ளே நுழையாதீர்கள்.

தப்பியபின் அன்றே மருத்துவமனையில் இரத்த வாயுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நல்ல காற்றைச் சுவாசித்ததும் இந்த வாயு இரத்தத்திலிருந்து விரைவில் நீங்கிவிடும். தாமதித்தால் சான்றும் அதோடு போய்விடும். மருத்துவச் சீட்டு, ரசீது, நேரம், இடம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். காலக்கெடுவையும் கவனியுங்கள்: உடற்காய வழக்குக்குப் பொதுவாக மிசிசிப்பியில் 3 ஆண்டு, அயோவாவிலும் இலினாய்ஸிலும் 2 ஆண்டுதான்.

வாயு உடலில் தடயம் விடாமல் போய்விடுகிறது. நிரூபிக்கும் சுமை மட்டும் பாதிக்கப்பட்டவர் தலையில் நிற்கிறது. தவறை நிரூபிக்கச் சொல்லாத நிதி வேண்டும் என்று கேட்பது அதனால்தான். அடுத்த குழாய்க்கு அனுமதி தரும் கூட்டத்தில், அந்த நிதிக்கான பணம் எங்கே இருக்கிறது என்பதே மக்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும்.