ஆறு வீட்டுக்கு ஒரு புல்வெட்டி: எதை அளந்து வாங்குவது?

மாணவர்களே, நம் நாட்டில் புல்லுக்கு விடுமுறை கிடையாது. குளிர் நாடுகளில் சில மாதங்களுக்குப் புல் வளர்வது நின்றுவிடும். இங்கே ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் இருப்பதால், ‘கௌ கிராஸ்’ எனப்படும் அகன்ற இலைப் புல் வெட்டிய இரண்டு மூன்று வாரங்களில் மறுபடியும் தழைத்துவிடுகிறது.

நான் குடியிருக்கும் கம்பத்துச் சாலையில் ஆறு வீடுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அரை ஏக்கர் நிலம். இதுவரை தோளில் மாட்டும் இயந்திரத்தால்தான் புல் வெட்டி வந்தோம். கடைசி வீட்டில் ஒரு தாத்தாவும் பாட்டியும் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களால் இனி அந்த இயந்திரத்தைத் தூக்க முடியாது. எனவே ஆறு வீட்டாரும் சேர்ந்து, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றை வாங்கலாமா என்று பேச்சு எழுந்தது.

“குதிரைத்திறன் அதிகமாக இருக்க வேண்டும்,” என்றார் ஒருவர். “வெட்டும் அகலம் பெரிதாக இருந்தால் சீக்கிரம் முடியும்,” என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அங்கிள் என்னைப் பார்த்து, “நீங்கதான் சயின்ஸ் டீச்சராச்சே, சொல்லுங்க,” என்றார். கடைக்குப் போவதற்கு முன் ஆறு வீட்டையும் அளந்து பார்ப்போம் என்றேன். அந்த அளவுகளும் அவற்றின் பின்னால் உள்ள அறிவியலும்தான் இந்த வாரக் கட்டுரை.

1. அகலமும் நேரமும்

ஒரு மணி நேரத்தில் வெட்டும் பரப்பு = வெட்டும் அகலம் × வேகம். ஆனால் ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையின்மேல் சற்றுப் படிய வேண்டும்; திரும்புவதற்கும் நேரம் போகும். எனவே கிடைத்த விடையில் 80 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வீடு, பழமரங்கள், பாதை போக ஒரு வீட்டில் 1,500 சதுர மீட்டர் புல் என்றால், ஆறு வீட்டுக்கு 9,000 சதுர மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம்.

107 சென்டிமீட்டர் அகலமுள்ள புல்வெட்டி: 1.07 × 6,000 × 0.8 = மணிக்கு ஏறக்குறைய 5,100 சதுர மீட்டர். மொத்த வேலை 1 மணி 45 நிமிடம்.

76 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறிய புல்வெட்டி: 0.76 × 6,000 × 0.8 = மணிக்கு ஏறக்குறைய 3,650 சதுர மீட்டர். மொத்த வேலை சுமார் 2 மணி 30 நிமிடம்.

பெரிய இயந்திரம் மிச்சப்படுத்துவது, ஆறு வீட்டுக்கும் சேர்த்து, முக்கால் மணி நேரம்தான். ஒரு வீட்டுக்குப் பார்த்தால் ஏழு எட்டு நிமிடம். அளவு நாடாவோடு போனபோது, இரண்டு வீடுகளின் பின்பக்க வாசல் 90 சென்டிமீட்டர் அகலம்தான் என்று தெரிந்தது. பெரியது அந்த வாசல்களில் நுழையாது. நுழைய முடியாத இயந்திரத்தின் வேகத்தால் அந்த இரண்டு வீட்டாருக்கு என்ன பயன்?

2. சரிவு: உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளில் மிக ஆபத்தான விபத்து, இயந்திரம் கவிழ்ந்து ஓட்டுபவர் அதன் அடியில் சிக்கிக்கொள்வதுதான். பொதுவாக 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களின் வழிகாட்டி நூல்கள் எச்சரிக்கின்றன. ஏன் 15? நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோடு சக்கரங்களுக்கு இடையே விழும்வரை பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும்.

சிறிய புல்வெட்டியின் பொருண்மை 160 கிலோகிராம், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில், சக்கரங்களின் மொத்த அகலம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் பாதி 40, உயரமும் 40. எனவே 45 பாகை சாய்ந்தால்தான் கவிழும்.

இப்போது 80 கிலோகிராம் உள்ள ஒருவர் ஏறி உட்காருகிறார். அவருடைய ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் உயரத்தில் என்போம். இரண்டையும் சேர்த்தால், (160 × 40 + 80 × 85) ÷ 240 = 55 சென்டிமீட்டர். கவிழும் கோணம் 36 பாகையாகக் குறைந்துவிட்டது. ஆள் உட்கார்ந்த உடனேயே 9 பாகை போய்விட்டது!

“36 இருக்கிறதே, 20 பாகைச் சரிவில் ஓட்டினால் என்ன?” என்று கேட்பீர்கள். சரிவின் குறுக்கே ஓட்டும்போது, மேட்டுப் பக்கச் சக்கரம் 10 சென்டிமீட்டர் மண்மேட்டில் ஏறினால் இன்னும் 7 பாகை சாயும். அதே நேரத்தில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில், 2 மீட்டர் ஆரத்தில், மேட்டுப் பக்கமாகத் திருப்பினால், அது மேலும் 11 பாகை சாய்வதற்குச் சமம். இப்போது கூட்டுங்கள். 15 + 7 + 11 = 33. தப்பித்தோம். 20 + 7 + 11 = 38. கவிழ்ந்தோம்.

இது தோராயக் கணக்குதான். ஆனாலும் 15 பாகை என்ற எல்லை பயமுறுத்துவதற்காகச் சொன்னதல்ல என்பது புரிகிறது அல்லவா? ஒரு மேடும் ஒரு திருப்பமும் ஒன்றாக வந்தால் அந்த இடைவெளி முழுவதும் தீர்ந்துவிடும். புல் ஈரமாக இருந்தால் கவிழ்வதற்கு முன்பே சக்கரம் வழுக்கும். அதனால்தான் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியைச் சரிவின் குறுக்கே ஓட்டாமல், மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் மெதுவாக ஓட்டச் சொல்கிறார்கள். குதிரைத்திறன் எவ்வளவு கூடினாலும் இந்தக் கோணம் மாறாது.

3. மழைக்குப் பிறகு

அழுத்தம் = விசை ÷ பரப்பு. 60 கிலோகிராம் உள்ள மாணவர் இரு கால்களிலும் நின்றால் தரையில் ஏறக்குறைய 20 கிலோபாஸ்கல் அழுத்தம் விழும். புல்வெட்டியின் டயரில் வழக்கமாக 70 முதல் 100 கிலோபாஸ்கல் வரை காற்று அடைப்பார்கள். அது தரையை அழுத்தும் அளவும் கிட்டத்தட்ட அவ்வளவே. மழையில் ஊறிய மண் இதைத் தாங்காமல் அமுங்கும். மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிடம் குறைந்து, வேர்கள் மூச்சுவிடத் தடுமாறும். டயர் தடத்தில் தண்ணீரும் தேங்கும்.

ஆகவே “சனிக்கிழமை எங்கள் முறை, மழை பெய்தாலும் வெட்டியே ஆக வேண்டும்,” என்ற பிடிவாதம் உதவாது. மழை பெய்தால் முறை தள்ளிப்போகும், யாருடைய முறையும் பறிபோகாது என்பதை முதலிலேயே எழுதி வைப்பது நல்லது.

4. அடுத்தவர் நிலத்தில் ஓட்டும்போது

நம் வீட்டில் கல் எங்கே, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை எங்கே என்று நமக்குத் தெரியும். அடுத்தவர் வீட்டில் தெரியாது. 74 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளேடு விநாடிக்கு 40 முறை சுற்றினால், அதன் முனை விநாடிக்கு 93 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 330 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். அதில் பட்ட 20 கிராம் கல் பாதி வேகத்தில் தெறித்தாலும் அதன் இயக்க ஆற்றல் சுமார் 20 ஜூல். ஒரு கிலோகிராம் எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் காலில் போட்டதற்குச் சமம். எனவே வெட்டுவதற்கு முன் அந்தந்த வீட்டார் கல் பொறுக்கி, அடிக்கட்டைகளுக்குக் கொடி நட்டு வைக்க வேண்டும். குழந்தைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தொட்டாற்சுருங்கியின் காய்களில் சிறு முட்கள் இருப்பதால் அவை எதிலும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஒரு வீட்டுக் களை விதை புல்வெட்டியில் ஒட்டிக்கொண்டு ஆறு வீட்டுக்கும் போய்விடும். ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும், இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் புல்லையும் மண்ணையும் அங்கேயே துடைத்துவிட வேண்டும்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுப் பக்கத்தில் உள்ள சரிவை அளக்க 1 மீட்டர் நீளமுள்ள நேரான பலகை, பாதி தண்ணீர் ஊற்றி மூடிய தட்டையான போத்தல், அளவு நாடா ஆகியவை போதும். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேட்டில் வையுங்கள். போத்தலைப் பலகைமேல் படுக்கவைத்து, தண்ணீர் மட்டமாகத் தெரியும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 27 சென்டிமீட்டர் என்றால் சரிவு 15 பாகை. அதற்கு மேல் என்றால் அங்கே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி போகக் கூடாது. வடிகால் ஓரத்தை அளக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

எங்கள் சாலையில் இப்படி அளந்தபோது ஐந்து வீடுகள் தேறின. தாத்தா பாட்டி வீட்டின் பின்னால், பெரிய வடிகாலை ஒட்டிய பகுதியில் 31 சென்டிமீட்டர் வந்தது. அதாவது 17 பாகை. யாருக்காக இந்தப் பேச்சு தொடங்கியதோ அவர்கள் வீட்டிலேயே ஒரு பகுதியில் அதை ஓட்ட முடியாது! “அப்படியென்றால் எங்களை விட்டுவிடுங்கள்,” என்று பாட்டி ஒதுங்கப் பார்த்தார். யாரும் விடவில்லை. 76 சென்டிமீட்டர் இயந்திரத்தையே வாங்குவது, அந்தச் சரிவை மட்டும் அதே நாளில் மற்ற ஐந்து வீட்டு இளைஞர்களில் ஒருவர் தோள் இயந்திரத்தால் வெட்டிக் கொடுப்பது என்று முடிவானது.

பலர் சேர்ந்து வாங்கும் பொருளை, எல்லார் நிலத்திலும் உள்ள மிகக் குறுகிய வாசலும் மிகச் செங்குத்தான சரிவும் மிக இளகிய மண்ணும்தான் தேர்ந்தெடுக்கின்றன. ஒன்று, இயந்திரம் அதற்குப் பொருந்த வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு வழி செய்ய வேண்டும்.

ஒரு கண்டிப்பான சொல்லோடு முடிக்கிறேன். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இந்த இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. தம்பி தங்கையை மடியில் வைத்து ஓட்டுவதை எந்த வயதினரும் செய்யக் கூடாது. ஆனால் அளவு நாடாவைப் பிடிக்க வயது வரம்பு இல்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சு வந்தால், பலகையோடும் போத்தலோடும் முதலில் கிளம்புபவர் நீங்களாக இருங்கள்.