குஜராத்திக்காரர் தொடங்கிய மலையாளப் பத்திரிகை

இடக்கொச்சியிலிருந்து பள்ளுருத்தி, தோப்பும்படி வழியாக வடக்கே போனால் மட்டாஞ்சேரி. சுக்கும் மிளகும் மணக்கும் கடைத்தெரு. குஜராத்தி வணிகர்களின் கிட்டங்கிகள், கொங்கணிகளின் கோயில், 1568-இல் யூதர்கள் கட்டிய வழிபாட்டுக் கூடம். சற்றுத் தள்ளி ஃபோர்ட் கொச்சியில், தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் தோபிக்கானா. இத்தனை மொழிகள் புழங்கும் ஊரில் ஒரு பத்திரிகை யார் மொழியில் பேசுவது?

முதலில் கிடைத்த விடை ஆங்கிலம். 1860-இல் கொச்சியில் 'வெஸ்டர்ன் ஸ்டார்' வந்தது. அதன் ஆசிரியராக இருந்த சார்லஸ் லாசன் பிறகு சென்னைக்குப் போய், 1868-இல் ஹென்றி கார்னிஷுடன் சேர்ந்து 'மெட்ராஸ் மெயில்' தொடங்கினார்.

இரண்டாவது விடையைக் கொடுத்தவர் தேவ்ஜி பீம்ஜி. குஜராத்தி வணிகரான இவர் 1865-இல் கொச்சியில் அச்சுக்கூடம் வைத்தார். 1881-இல் அங்கிருந்து 'கேரள மித்ரம்' வெளிவந்தது. தன் இனத்தாருக்காகக் குஜராத்தியிலோ, அதிகாரிகளின் கண்ணில் படும்படி ஆங்கிலத்திலோ அவர் பத்திரிகை போட்டிருக்கலாம். தேர்ந்தெடுத்தது மலையாளத்தை. 1847-இல் தலைச்சேரியில் குண்டர்ட் பாதிரியார் 'ராஜ்யசமாசாரம்' வெளியிட்டிருந்தாலும் அதன் நோக்கம் மதப் பிரசாரம். பொதுச் செய்திகளுக்கான மலையாளப் பத்திரிகைகளின் முன்னோடிகளில் ஒன்றாக நிற்பது 'கேரள மித்ரம்'.

முதலாளி குஜராத்தி. எழுத்து? அதற்குத் திருவல்லாவைச் சேர்ந்த கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளையை ஆசிரியராக்கினார். 1857-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்துமூன்று, இருபத்துநான்குதான். பத்திரிகைத் தொழிலின் அரிச்சுவடியை மாப்பிள்ளை படித்தது இந்த அச்சுக்கூடத்தில்தான். 1888-இல் கோட்டயத்தில் பங்குதாரர்களைச் சேர்த்து ஒரு கம்பெனி தொடங்கினார். 1890-இல் 'மலையாள மனோரமா' பிறந்தது. 1928-இல் அது தினசரியானது.

பிராந்தியப் பத்திரிகையின் பலம் தலைநகரத்தில் இல்லை, சொந்த ஊர் வாசகரிடம் இருக்கிறது. பிரான்சிலும் இதே கதைதான். அங்கே 1975 முதல் விற்பனையில் முதலிடம் பாரிஸ் பத்திரிகைகளுக்கு அல்ல, மேற்கே ரென் நகரிலிருந்து வரும் 'உவெஸ்ட் பிரான்ஸ்' தினசரிக்கு.

ஆனால் வாசகரின் நம்பிக்கைக்குச் சோதனையும் வரும். ரென் நகரில் 1899-இல் தொடங்கிய 'லுவெஸ்ட் எக்லேர்', ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலும் தொடர்ந்து வெளிவந்தது. 1944-இல் விடுதலை கிடைத்ததும் அதை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் ஆகஸ்ட் 7-ஆம் தேதி பிறந்ததுதான் 'உவெஸ்ட் பிரான்ஸ்'. மனோரமாவுக்கு நேர்ந்தது நேர்மாறு. பொறுப்பாட்சிப் போராட்டத்தை ஆதரித்த அந்தப் பத்திரிகையை 1938-இல் திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் அரசு மூடியது. 1947-இல்தான் மறுபடி வந்தது. ஒன்று ஆட்சிக்குப் பணிந்து போனதால் அழிந்தது. மற்றொன்று பணியாததால் மூடப்பட்டு, மீண்டும் எழுந்தது.

'கேரள மித்ரம்' இன்று இல்லை. ஆனால் அதில் பழகிய கைகள் எழுப்பிய பத்திரிகை, இந்தியாவின் பெரிய தினசரிகளில் ஒன்றாக இருக்கிறது. மண்ணின் மைந்தர் யார் என்று ஊருக்கு ஊர் சண்டை நடக்கும் நாட்டில், மட்டாஞ்சேரி வட்டாரத்தின் இந்தப் பழைய கணக்கையும் பார்க்க வேண்டும். மலையாளத்துக்குப் பத்திரிகை கொடுத்தவர்களில் ஒருவருக்குத் தாய்மொழி மலையாளம் அல்ல.